தொட்டில் பழக்கமும் தண்ணீர்க் குடமும்

பத்தாம் வகுப்பு மாணவி

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பழக்கத்தின் வலிமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பழமொழியையே சாக்காகச் சொல்லி, பழக்கத்தை மாற்றும் முயற்சியை நாம் கைவிட்டு விடுகிறோம் என்பது என் கருத்து. பழக்கத்தை மாற்ற முடியும். அதற்கு வழி தெரிய வேண்டும். உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் தருமபுரி மாவட்டத்தின் குடிதண்ணீரே போதும்.

நம் மாவட்டத்தில் பல ஊர்களில், பாறைகளில் உள்ள ஃப்ளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மிஞ்சிய நீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் வளரும் நிலைப்பற்கள் கறையோடு முளைக்கும். எத்தனை துலக்கினாலும் அந்தக் கறை போகாது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். நீரைக் காய்ச்சினாலும் பயனில்லை. நீர் சுண்டச் சுண்ட உப்பின் அளவு கூடவே செய்யும்.

இத்துன்பத்தைப் போக்கத்தான் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் குழாய் வழியே வரலாயிற்று.

குழாய் வந்துவிட்டது. பழக்கம் போய்விட்டதா? இன்றும் சில வீடுகளில் காவிரித் தண்ணீர் ஒரு குடத்தில் இருக்க, தாகம் எடுத்ததும் கை போர் தண்ணீர்க் குடத்துக்கே போகிறது. "அந்தத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது, இதைக் குடித்தால்தான் தாகம் தீருகிறது" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இது அறியாமை மட்டுமன்று. ஃப்ளோரைடைப் பற்றி நன்றாகப் பேசுகிறவர்களும் அதே குடத்தில்தான் மொள்கிறார்கள்.

ஏன் இப்படி? மனோதத்துவ அறிஞர்கள் இதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். முதலாவது, பழக்கம் யோசித்துச் செய்யும் செயலன்று. பள்ளி மணி அடித்ததும் நம் கால்கள் தாமாகவே வரிசைக்குப் போகின்றன அல்லவா? அதைப்போல, அடுக்களையில் குடம் இருக்கும் இடமே கைக்கு மணியாகி விடுகிறது. இரண்டாவது, தண்டனை தாமதமாக வருகிறது. தீயைத் தொட்டால் அப்போதே சுடும். மறுமுறை தொட மாட்டோம். இந்த நீரோ இன்று தாகம் தீர்த்துவிட்டு, பல ஆண்டு கழித்து வலியைத் தருகிறது. இனிப்பாக வந்து கசப்பாக முடியும் எந்தக் கெட்ட பழக்கமும் இப்படித்தான் வேரூன்றுகிறது.

ஆகவே அறிவுரை மட்டும் போதாது. அடுக்களையை மாற்ற வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீருக்கென்று மூடியிட்ட ஒரு தனிப் பாத்திரம் வைத்து, அதைக் கைக்கு எட்டும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். போர் தண்ணீர்க் குடத்தைத் துணி துவைக்கும் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். புதிய பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு முடிச்சுப் போடுவதும் நல்லது. காலையில் பின்னல் போட்டு முடித்ததும் பள்ளிக்குக் கொண்டு செல்லும் பாட்டிலில் நல்ல நீர் நிரப்பினால், நாளடைவில் பின்னலே பாட்டிலை நினைவூட்டும்.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? லண்டனில் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், 96 பேர் உண்பது, குடிப்பது, உடற்பயிற்சி செய்வது ஆகியவற்றில் ஒரு சிறு செயலைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்து பார்த்தார்கள். அது தானாக வரும் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதும். சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். பழக்கத்தைப் பற்றி 1890ஆம் ஆண்டில் எழுதிய அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், அது வேரூன்றும் வரை ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்றார். இந்த ஆராய்ச்சியோ, ஒருநாள் தவறினால் குடி முழுகிப் போவதில்லை என்று காட்டியது. நான் பின்னதன் பக்கமே நிற்பேன். ஒருநாள் மறந்த தாயையும் பாட்டியையும் குறை சொல்லாமல், மறுநாள் நாமே நிரப்பி வைப்போம்.

அன்புத் தோழியரே! நம்மூர்ப் பெண்கள் சிலர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக் கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அதை அடக்கம் என்று புகழ்கிறோம். உள்ளே இருப்பது கறைப்பல்லைப் பற்றிய கூச்சம் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அவர்கள் செய்யாத குற்றத்துக்கு அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அவர்களைப் பார்த்துக் கேலி செய்யும் கெட்ட பழக்கத்தை நாம் முதலில் விட்டுவிட வேண்டும்.

முளைத்துவிட்ட பல்லின் கறையை நல்ல தண்ணீர் கழுவாது. ஆனால் நம் வீட்டுத் தம்பி தங்கையரின் நிலைப்பற்கள் இன்னும் உள்ளே உருவாகிக் கொண்டிருக்கின்றன. தொட்டில் பழக்கம் சுடுகாடு வரை வரும் என்றால், நல்ல பழக்கமும் அப்படித்தானே வரும்? ஆகவே பெற்றோரே, தோழியரே, தொட்டிலில் இருப்பவர்களுக்கு இன்றே நல்ல தண்ணீரைப் பழக்குவோம். அவர்கள் வாயை மூடாமல் சிரிக்கட்டும்.