மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா? மனச்சோர்வில் தவிக்கும் பிள்ளைகளுக்கு எது உதவும்?

"வயித்து வலின்னு சொல்றா. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கறாங்க. ஸ்கூலுக்கும் போக மாட்டேங்கறா." பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு தாய் இப்படிச் சொன்னால், பிள்ளை நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது. வலியாக, எரிச்சலாக, தூக்கமின்மையாகவும் வரும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது தெரியவந்தது.

யோகா, மூச்சுப் பயிற்சி உதவுமா?

ஓரளவுக்கு உதவும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும், படபடப்பு குறையும். ஓட்டம், கபடி, சைக்கிள் என உடம்பை அசைப்பதும் லேசான மனச்சோர்வுக்கு நல்லது. செலவும் இல்லை.

அப்போ எல்லா ஸ்கூல்லயும் தியான வகுப்பு வெச்சா போதுமா?

போதாது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. வகுப்பு முழுமைக்கும் சொல்லித்தந்த மனக்குவிப்புப் பயிற்சி, வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பலர் வீட்டில் அதைத் தொடரவும் இல்லை. ஐம்பது பேரைக் கண்மூட வைப்பதைவிட, அதில் தவிக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால் போக வேண்டும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று பரிவோடு நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனம்விட்டுப் பேச வழி கிடைக்கும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை உண்டு. பேச்சுவழிச் சிகிச்சையோ மருந்தோ தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மூச்சுப் பயிற்சியை அதோடு சேர்த்துச் செய்யலாம், அதற்குப் பதிலாக அல்ல.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பெற்றோர் வேலைக்குப் போன வீடுகள் இங்கே நிறைய. அந்த வீடுகளில் மாற்றத்தை முதலில் கவனிக்கப்போவது பாட்டியோ வகுப்பாசிரியரோதான். இந்த விவரங்கள் அவர்களுக்கும் போய்ச் சேரணும்.