கயிற்றை நம்பும் நெடுஞ்சாலைகள்

புது தில்லி: தலைநகரையும் மும்பையையும் இணைக்கும் விரைவுச் சாலையின் தில்லி - தௌசா - லால்சோட் பகுதி, 246 கி.மீ. நீளத்துக்கு, 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. கார்கள் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் செல்லத்தக்க சாலை அது. இத்தகைய சாலைகளைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசும் நாடு, அவற்றில் பழுதாகி நிற்கும் ஒரு வாகனம் எப்படி ஊர் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் கவனிக்க மறந்துவிட்டது.

அது போய்ச் சேரும் விதம் வட இந்திய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்யும் எவரும் அறிந்ததே. முன்னால் ஒரு பிக்-அப் வேன். அதன் பின்னே ஒரு கயிறு அல்லது சங்கிலி. கயிற்றின் மறுமுனையில் இயந்திரம் நின்றுபோன காரோ, சிறு லாரியோ. பின்விளக்கு எரிவதில்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் கிளீனர் பையன் அமர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பத்து, இருபது கிலோமீட்டர் அல்ல. மாவட்டம் விட்டு மாவட்டம், சில வேளைகளில் மாநிலம் விட்டு மாநிலம் இந்தப் பயணம் தொடர்கிறது.

இதை ஓட்டுநர்களின் அறியாமை என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், சட்டமும், காப்பீட்டு ஒப்பந்தமும், சுங்கச் சாலை நிர்வாகமும் ஒன்றுசேர்ந்து வாகன உரிமையாளரை அந்தக் கயிற்றை நோக்கித் தள்ளுகின்றன என்பதே உண்மை.

கயிறு செய்ய முடியாதது

கயிற்றால் இழுக்க முடியும்; நிறுத்த முடியாது. முன்னால் செல்லும் வேன் பிரேக் போட்டால் பின்னால் வரும் வாகனம் தானாக நிற்பதில்லை. அதை நிறுத்த வேண்டியவர் அதில் அமர்ந்திருப்பவர். அவரிடமோ இயங்கும் நிலையில் எதுவும் இல்லை. இயந்திரம் ஓடாதபோது காரின் பவர் பிரேக் ஓரிரு முறை மிதித்த உடனேயே தன் துணையாற்றலை இழந்துவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

லாரிகளின் நிலை இன்னும் மோசம். ஏர் பிரேக் உள்ள லாரியில், காற்றழுத்தம் குறைந்ததும் சக்கரங்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். இது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால், இழுத்துச் செல்வதற்காக அந்தப் பிடியைக் கையால் தளர்த்திவிடுவது வழக்கமாகிவிட்டது. அதன் பிறகு அந்த லாரிக்குப் பிரேக் என்பதே கிடையாது. பல டன் எடையுள்ள இரும்பு, ஒரு சங்கிலியின் தயவில் சரிவில் இறங்குகிறது.

தானியங்கி கியர் உள்ள கார்களையும் மின்சாரக் கார்களையும் இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் வேறு கேடும் விளையும். முன்னதில் எண்ணெய் பாயாமல் கியர் பெட்டி தேய்ந்துபோகும். பின்னதில் உருளும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றி மின்சாரத்தை உண்டாக்கி, சூடேறச் செய்யும். எனவே இவ்வகை வாகனங்களைத் தட்டையான தளமுடைய மீட்பு லாரியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். கியர் கார்களானாலும் லாரிகளானாலும் நெடுந்தூரம் என்றால் அதுவே தக்க வழி. சுருங்கச் சொன்னால், கயிறு என்பது வாகனத்தைச் சாலையின் நடுவிலிருந்து அகற்றுவதற்கான கருவி; ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்வதற்கான கருவி அல்ல.

விதிகள் அறியாததல்ல

1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் ஒழுங்குமுறை இதைத் தெளிவாகவே உணர்ந்திருந்தது. பழுதான வாகனத்தை அருகிலுள்ள பணிமனை அல்லது பெட்ரோல் நிலையம் வரை இழுத்துச் செல்லலாம் என்றது. இழுக்கப்படும் வாகனத்தில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்க வேண்டும். இல்லையேல் அதன் முன்சக்கரங்கள் தரையில் படாதவாறு உறுதியாகத் தூக்கிப் பிணைக்கப்பட வேண்டும். இரு வாகனங்களுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறு மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இழுத்துச் செல்லப்படுவதை அறிவிக்கும் சொற்கள் 75 மி.மீ. உயர எழுத்துகளில் பின்புறம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் கூடாது. 2017-ஆம் ஆண்டு அந்த ஒழுங்குமுறையின் இடத்தில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை வந்தது. இழுவைக்கான கட்டுப்பாடுகள் அதிலும் இடம்பெற்றன.

கயிற்றில் இழுப்பவருக்கு 24 கி.மீ. என்பது இன்றும் நியாயமான வரம்புதான். அந்த வரம்பு எந்தச் சாலைக்கு எழுதப்பட்டது என்பதே கேள்வி. 1989-இல் நெடுஞ்சாலை என்பது பெரும்பாலும் இருவழிப் பாதை. ஊருக்கு ஊர் மெக்கானிக் பட்டறை இருந்தது. இன்றைய விரைவுச் சாலையோ இருபுறமும் வேலியிட்டது. நினைத்த இடத்தில் வெளியேற முடியாது. அடுத்த வெளியேறும் வழி பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அருகிலுள்ள பணிமனை என்று சட்டம் சொன்னதே அங்கு நெடும்பயணம் ஆகிவிடுகிறது.

கணக்கும் அச்சமூட்டுவதாக உள்ளது. 24 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் வாகனத்தை 120 கி.மீ. வேகத்தில் வரும் கார் நெருங்கும்போது, இடைவெளி நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வீதம் சுருங்குகிறது. 200 மீட்டர் தொலைவில் கண்டால் ஓட்டுநருக்குக் கிடைப்பது ஏழரை நொடி. பனிமூட்டத்தில் 50 மீட்டரில் கண்டால் இரண்டு நொடி கூட இல்லை. விளக்கெரியாத வாகனத்தை அதற்குள் கண்டுகொண்டு, அது நகர்கிறதா நிற்கிறதா என்று முடிவுசெய்து, பிரேக் மிதிக்க வேண்டும். கார்களின் வேக வரம்பை 120 கி.மீ. வரை உயர்த்திய 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையை, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். அதன் பின்னரும் 120 கி.மீ. வேகத்துக்கான சாலைகள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடான மீட்பு ஏற்பாடு பேசப்படவில்லை.

தள்ளிவிடும் மூன்று கைகள்

உரிமையாளர் ஏன் கயிற்றை நாடுகிறார்? முதற்கண் சட்டம். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், போக்குவரத்துக்கு இடையூறாக வாகனத்தை நிறுத்தி வைப்பதற்கான தண்டத்தை, மணிக்கு ரூ.50 என்பதிலிருந்து ரூ.500 ஆக மாற்றியது. அரசு அமைப்பு வாகனத்தை அகற்றினால் அந்தச் செலவையும் உரிமையாளரிடமே வசூலிக்க வழியுண்டு. எனவே நிற்பது குற்றம். எப்படியாவது நகர்ந்தாக வேண்டும்.

இரண்டாவது, காப்பீடு. இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் 2002-இல் வகுத்த ஒப்பந்த வாசகப்படி, விபத்துக்குள்ளான காரை அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்லக் கிடைப்பது அதிகபட்சம் ரூ.1,500, லாரி போன்ற சரக்கு வாகனங்களுக்கு ரூ.2,500. அதுவும் விபத்துக்குத்தான், வெறும் இயந்திரப் பழுதுக்கு இல்லை. கூடுதல் பிரீமியம் செலுத்தி வழித்துணை உதவி பெற்றவர்களுக்கே விதிவிலக்கு.

இன்னொரு நிபந்தனையைப் பிக்-அப் வேன் உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். வணிக வாகனக் காப்பீடு, பழுதான ஒரு வாகனத்தை இழுப்பதை அனுமதிக்கிறது. ஆனால், கூலிக்கு இழுக்கக் கூடாது என்கிறது. இழுக்கப்படும் வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கும் அது பொறுப்பேற்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்காகக் கயிறு கட்டும் வேன்காரர், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காக வழக்காட வேண்டிய நிலைக்கு ஆளாவார் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, சுங்கச் சாலை நிர்வாகம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற உதவி எண் உண்டு. ரோந்து வாகனமும் கிரேனும் ஆம்புலன்ஸும் வைத்திருப்பது ஒப்பந்தக் கடமை. ஆயினும் கிரேனின் வேலை பாதையை விடுவிப்பது. பழுதான வாகனத்தைப் பணிமனையில் சேர்ப்பது அல்ல. சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட லாரியோடு ஓட்டுநர் தனித்து நிற்கிறார். நாமக்கல்லிலிருந்து ராஜஸ்தானுக்குச் சரக்கேற்றி வந்த லாரியாயின், மொழி தெரியாத ஊரில், விலை தெரியாத மீட்பு வாகனத்துக்குப் பேரம் பேச வேண்டும். அப்போது கயிறு கொண்டுவரும் வேன்காரரே அவருக்குக் கடவுளாகத் தெரிகிறார்.

நாடாளுமன்றம் செய்யக்கூடியது

2022-ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 61,038 பேர் மாண்டது தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச் சாலைகளிலும். மொத்தச் சாலை நீளத்தில் இவற்றின் பங்கு சுமார் 2 சதவீதமே. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் விபத்து வகைகளுள் முதலிடம் பெறுவது பின்புறம் மோதுதல். நிறுத்தப்பட்ட வாகனத்தில் மோதியவை தனியே கணக்கிடப்படுகின்றன. இழுத்துச் செல்லப்பட்ட வாகனத்தில் மோதியவற்றுக்குத் தனி வகை இல்லை. எண்ணப்படாத மரணத்துக்காக எந்த அமைச்சரும் அவையில் பதில் சொல்ல நேர்வதில்லை.

2019-ஆம் ஆண்டு இரு அவைகளிலும் திருத்த மசோதா விவாதிக்கப்பட்டபோது அபராதத் தொகைகளும் மாநில உரிமைகளும் முன்னின்றன. இரண்டும் முக்கியமானவையே. ஆனால், பழுதான வாகனத்தை என்ன செய்வது என்ற எளிய கேள்வி பின்தங்கிவிட்டது.

அதைத் தீர்க்கப் புதிய சட்டம் கூடத் தேவையில்லை. சுங்கச் சாலை ஒப்பந்தங்களில், அருகிலுள்ள பணிமனை வரை தட்டைத் தள வாகனத்தில் கொண்டுசேர்ப்பதைக் கடமையாக்கலாம். அதற்கு மேற்பட்ட தூரத்துக்குக் கிலோமீட்டர் கட்டணத்தை நிர்ணயித்து, ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் பல மொழிகளில் எழுதி வைக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பழைய உச்சவரம்பை இன்றைய விலைக்கு உயர்த்தலாம். விரைவுச் சாலைகளில் கயிற்று இழுவையை முற்றாகத் தடை செய்யலாம். ஆனால், மாற்று வழி வந்த பிறகே அந்தத் தடை வர வேண்டும். வழி காட்டாமல் விதிக்கப்படும் தடை, லஞ்சத்துக்கு இன்னொரு கதவைத் திறப்பதாகவே முடியும்.

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழலாம். ஒவ்வொரு லாரியும் சாவடிதோறும் சுங்கம் செலுத்துகிறது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்ட பின், அந்தக் கட்டணம் வண்டி நிற்கும் முன்பே கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. ஓடும் வாகனத்திடம் அவ்வளவு விரைவாகக் கட்டணம் பெறும் நிர்வாகம், நின்றுபோன வாகனத்தையும் பத்திரமாகக் கொண்டுசேர்க்கக் கடமைப்பட்டது.