காதல் நாவல் படிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். என் பையிலிருந்து எட்டிப்பார்த்த புத்தகத்தைக் கண்டு மூத்த தோழர் ஒருவர் சிரித்தார். "ஸ்கூல் பிள்ளைங்க படிக்கிற லவ் ஸ்டோரியா? படிக்கிறதுக்கு எவ்வளவு கிடக்கு தோழர்!" நானும் அசடு வழிந்து, யாரோ கொடுத்தது என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தகம், நிக்கோலா யூனின் 'தி சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார்'. 2016இல் வந்தது. எழுதியவர் ஜமைக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். நியூயார்க்கில் ஒரே பகலில் நடக்கிற கதை. எட்டு வயதில் ஜமைக்காவிலிருந்து வந்து, உரிய ஆவணங்கள் இல்லாமலே வளர்ந்தவள் நடாஷா. அவள் குடும்பம் அன்றிரவு நாடுகடத்தப்பட இருக்கிறது. அதைத் தடுக்க அலையும் வழியில், கொரியக் குடியேறிகளின் மகன் டேனியலைச் சந்திக்கிறாள். காதல் வருகிறது. இரண்டே இரவில் படித்து முடித்தேன். விதி, பிரபஞ்சம் என்று டேனியல் பேசும் பக்கங்களில் கொஞ்சம் நெளிந்தேன். மற்றபடி சிரித்தேன், ஓரிடத்தில் அழவும் செய்தேன்.

இதெல்லாம் அரசியலற்ற பொழுதுபோக்காம். எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறோம்? இந்த நாவல் வந்த அதே 2016இல்தான், காதலித்து மணந்ததற்காக உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். சாதிக்கு உண்மையான மருந்து கலப்புமணமே என்று 1936லேயே எழுதிவிட்டார் அம்பேத்கர். மேடையில் காதலைப் புரட்சி என்போம். அதையே ஒரு பெண் படுத்துக்கொண்டு ரசித்துப் படித்தால் மட்டும் நேரவிரயமா?

சரி, இந்த நாவலில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது எது? நடாஷா ஒரு அத்தியாயம், டேனியல் ஒரு அத்தியாயம் என்று மாறிமாறிப் போகும் கதை, திடீரென்று வேறு யாரிடமோ போய்விடும். குடியேற்ற அலுவலக வாசலில் பைகளைச் சோதிக்கும் ஐரீனுக்குத் தனியாகச் சில பக்கங்கள் உண்டு. நம் கதைகளில் வாட்ச்மேனுக்குக் கதவு திறப்பதைத் தவிர என்ன வேலை கொடுத்திருக்கிறோம்?

டேனியலின் அப்பா ஹார்லெமில் கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர்கள் காசில்தான் குடும்பம் நடக்கிறது. ஆனால் மகன் அப்படி ஒருத்தியோடு கடைக்குள் வந்து நின்றால் பிடிக்கவில்லை. இனவெறியும் சாதியும் ஒன்றல்ல, தெரியும். இருந்தாலும் 'உன் உழைப்பு வேண்டும், உன் காசு வேண்டும், நீ வேண்டாம்' என்கிற அந்த முகம் நமக்குப் புதிதா என்ன? அந்த அப்பாவுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவர் கடந்துவந்த வறுமை, அதன்மீது அவருக்கு இன்றும் இருக்கிற பயம் எல்லாம் புரிகிறது. புரிந்தபின்பும் அவர் செய்தது தப்பாகத்தான் தெரிகிறது. இதைத்தான் தொலைக்காட்சி விவாதக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஆணவக்கொலை நடந்தால் 'இரு தரப்பு நியாயம்' கேட்க மைக்கை நீட்டுகிறார்களே, அது பல குரல் இல்லை. கொன்றவன் குரலையே இரண்டாவது தடவை கேட்கவைப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நடாஷாவுக்காக நீதிபதியைப் பார்க்க வேண்டிய வழக்கறிஞர் போகவே இல்லை. மனைவியும் பிள்ளைகளும் உள்ள அந்த மனிதர், அன்று தன் அலுவலகத்தில் வேலைசெய்யும் பெண்ணிடம் காதல்வயப்பட்டு அவளோடு இருந்துவிடுகிறார். அவருக்கும் அது உண்மையான காதல்தான். அவரால் அன்று ஒரு வேலையைத் தவறவிட முடிந்தது. நடாஷாவுக்கு நாடே போய்விட்டது. காதல் யாருக்கு என்ன விலையில் கிடைக்கிறது என்பதை எத்தனை கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன்! இந்தப் பக்கங்களில்தான் அது வயிற்றில் விழுந்தது.

அதற்காக, 'பாடம் இருக்கிறது, அதனால் படிக்கலாம்' என்று சான்றிதழ் கொடுக்க வரவில்லை. பாடமே இல்லாவிட்டாலும் படித்திருப்பேன். நம் வீட்டுப் பெண்கள் ஒளித்துவைத்துப் படித்த மாதநாவல்களை யாரெல்லாம் பிடுங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: அப்பா, அண்ணன், வாத்தியார். அந்த வரிசையில் தோழரும் எதற்கு?

அடுத்த கூட்டத்துக்கும் அதே புத்தகத்தோடுதான் போகிறேன், இந்தத் தடவை கையில் வைத்துக்கொண்டு. அந்தத் தோழர் கேட்டால் இரவல் தருவேன். பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும், வரிசையில் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள்.