பிள்ளையின் முகம் பொதுச் சொத்தல்ல

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மலைகள் சரிந்தபோது எங்கள் தோட்டப் பாடசாலையும் முகாமானது. லயங்களைவிட்டு இறங்கிய குடும்பங்கள் வகுப்பறைகளில் படுத்தன. அரிசி வந்தது, பாய் வந்தது, கூடவே கமராவும் வந்தது.

அப்படி வந்த ஒரு குழுவுக்கு ஐந்தாந்தர வகுப்பறையைத் திறந்துவிட்டவன் நான்தான். என் மாணவி ஒருத்தியின் கையில் சப்பாத்துப் பெட்டியொன்றைக் கொடுத்தார்கள். ஆனால் அதன் மறுமுனையை விடவில்லை. "அப்பா குடிப்பாரா? நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று அவள் அழும்வரை கேட்டார்கள். அழுததும் புறப்பட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்த அழுகை, சோகமான இசையோடு, கொழும்பில் கடையில் நிற்கும் அவளது அண்ணனின் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. பாடசாலை திறந்தபின் பிள்ளைகள் அவளைப்போல அழுது காட்டினார்கள்.

"அத அழிச்சிர முடியாதா சேர்?" என்று கேட்டாள். அவர்களுக்கு எழுதினேன். பதில் இல்லை.

"பொது இடத்தில்தானே எடுத்தோம்" என்பார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வருகிறவர்களும் பாலத்தைப் படமெடுத்த கையோடு அவ்வழியே போகும் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். பாலத்துக்கு மறுநாள் வகுப்பறையில் போய் உட்கார வேண்டியதில்லை, பிள்ளைக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பு ஸ்டூடியோக்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைத் தபாலட்டையாக்கி விற்றன. அவர்களுக்குப் பெயர்கூட இருக்கவில்லை, "தமிழ்க் கூலி" என்பதே பெயர். இன்று விற்பவர் நம்மவர் என்பதைத் தவிர என்ன மாற்றம்?

சட்டம் இல்லாமலும் இல்லை. பிள்ளையின் அந்தரங்கத்தையும் மதிப்பையும் காக்கச் சொல்லும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றது. அதன் 16ஆம் உறுப்புரை லயத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

"காட்டாவிட்டால் உதவி வராது" என்பது அடுத்த வாதம். சரி, காட்டுங்கள். ஆனால் எதை? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் போயின. அங்கு ஆபத்துண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைகள் ஏன் பலிக்கவில்லை என்று கேளுங்கள். இன்னும் சரிவில் நிற்கும் லயங்களையும், காணிப் பத்திரமில்லாத குடும்பங்களின் நிலையையும் காட்டுங்கள். அதற்கு அதிகாரிகளிடம் கேள்வி கேட்கும் துணிவு வேண்டும். பிள்ளையை அழவைக்க ஒரு சப்பாத்துச் சோடி போதும்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று சிறுவயதில் ஓதிக்கொடுக்கப்பட்ட நமக்கும் இதில் பங்குண்டு. நம் சங்கங்களின் பரிசளிப்புப் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெட்டியின் மறுமுனையில் யாருடைய கை இருக்கிறது?

அண்மையில் வேறொரு குழு நாற்பது புத்தகப் பைகளோடு வந்தது. அலுவலகத்தில் ஒப்படையுங்கள், படமெடுக்க வேண்டாம் என்றேன். பைகளோடு திரும்பிப் போய்விட்டார்கள். மாலையில் தாய்மார் கேற்றடிக்கு வந்து என்னை ஏசினார்கள். "சேருக்கென்ன, மாசச் சம்பளம்" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் பிழையில்லை. அந்தப் பைகளில்லாமல் நாற்பது பிள்ளைகள் சொப்பிங் பையில் கொப்பி கொண்டுவருகிறார்கள். அந்தக் கணக்கு என் பேரில்தான் இருக்கிறது.

ஆயினும் அடுத்த குழு வந்தாலும் இதையேதான் சொல்வேன். இதை வாசிக்கும் உங்களில் நாற்பது பை வாங்க வசதியுள்ளவர்கள் இருப்பீர்கள். தபாலில் அனுப்புங்கள். கிடைத்ததென்று அதிபர் பற்றுச்சீட்டுத் தருவார். பிள்ளைகளின் படம் தரமாட்டார்.