சிரட்டைக்கும் துடைப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

இயற்கை அங்காடிகள் இன்று சிறு நகரங்கள் வரை வந்துவிட்டன. மண்சட்டி, மூங்கில் கூடை, ஈர்க்குத் துடைப்பம், பனையோலைப் பெட்டி, சிரட்டைக் கிண்ணம் என வீட்டுக்கும் அடுப்பங்கரைக்கும் வேண்டியவை அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. நெகிழி குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. குப்பைக் கிடங்குகள் யாருடைய குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன, அந்தக் குப்பையை யார் கையால் பிரிக்கிறார்கள் என்று தெரிந்த எவரும் நெகிழிக்கு வக்காலத்து வாங்க மாட்டார்கள்.

என் கேள்வி, பொருளோடு சேர்த்து விற்கப்படும் கதையைப் பற்றியது. 'நம் முன்னோர் வாழ்வு', 'நம் மரபு' என்று பொருளில் ஓர் அட்டை தொங்குகிறது. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகரில் தீண்டப்படாத மக்கள் மீது சுமத்தப்பட்ட விதிகளை அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்திருக்கிறார். நடந்த தடத்தைத் தாமே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டும். எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்கலயம் தொங்கவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நம் மக்களுக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றினார்கள். பிறகு அது இரட்டைக் குவளையானது. துடைப்பம், கலயம், சிரட்டை மூன்றும் இயற்கைப் பொருட்கள்தாம், துடைப்பமும் சிரட்டையும் மண்ணோடு மட்கிப் போகிறவை. மட்காமல் நின்றது சாதி.

நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இடத்தில் ஒரு கருத்தரங்கின் நினைவுப் பரிசாக மெருகேற்றிய சிரட்டைக் கிண்ணம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந் தாயி, இதுல குடிக்கக் கூடாதுன்னுதானே ஒன்னையப் படிக்க வச்சோம்?"

சூழலியல் பேசும் தோழர்கள் இந்தக் கேள்வியைக் காதில் வாங்க வேண்டும். இரட்டைக் குவளைக்கு எதிர்ப்பு வலுத்தபோது, சில ஊர்களில் கடைக்காரர்கள் தலித்துகளுக்கு மட்டும் தூக்கியெறியும் கப்பில் தேநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். கழுவ வேண்டாம், தொட வேண்டாம். மற்றவர்களுக்கு வசதியாக வந்த அந்தக் கப், அங்கே தீண்டாமைக்குப் புது வேடமானது. எனவே கப்பைத் தடை செய்வதோடு வேலை முடிந்துவிடவில்லை. எவர் குடித்த கிளாசையும் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கிற கடைதான் சூழலுக்கும் உகந்தது, மனிதருக்கும் உகந்தது.

இனி, செய்கிறவர்களிடம் வருவோம். 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வகைப்படுத்தியிருந்தது. 2006 வன உரிமைச் சட்டம் அதைச் சிறு வன மகசூலில் சேர்த்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017இல்தான் மரப் பட்டியலிலிருந்து விடுபட்டது. இதனால் மூங்கில் வளர்க்க நிலம் உள்ளவருக்கு வழி திறந்தது. நிலமில்லாமல் கூடை முடைகிற குடும்பம் இன்னும் மூங்கிலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. முடைந்த கூடை அங்காடிக்குப் போனதும் அட்டையில் அங்காடியின் பெயர் ஏறுகிறது. முடைந்தவரின் பெயரும் இல்லை, அவருக்குப் போன கூலியும் இல்லை.

மரபு என்ற சொல் அரசின் கைக்குப் போகும்போது இன்னும் ஆபத்தாகிறது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் மண்பாண்டம் செய்வோர், கூடை, பாய், துடைப்பம் செய்வோர், செருப்புத் தைப்போர் உள்ளிட்ட 18 தொழில்கள் இருக்கின்றன. அவை குடும்பவழித் தொழில்களாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 18. அது கல்லூரிக்குள் கால் வைக்கும் வயது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்ததும், 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதும் இதே காரணத்துக்காகத்தான். தமிழ்நாடு அரசு விஸ்வகர்மாவை ஏற்க மறுத்து, சாதியை அடிப்படையாகக் கொள்ளாத கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது சரியான முடிவு.

கைத்தொழில் இழிவானதல்ல. பிறப்பைப் பார்த்து ஒருவர் கையில் திணிக்கப்படுவதுதான் இழிவு. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் சொன்னது மண்சட்டிக்கும் பொருந்தும்.

ஆகவே மண்சட்டியில் சமையுங்கள், மூங்கில் கூடையும் வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? இந்த விலையில் அவருக்குப் போனது எவ்வளவு? அந்தப் பதிலை அட்டையில் அச்சிடச் சொல்லுங்கள். செய்கிறவர்களே நடத்தும் கூட்டுறவு அங்காடிகளுக்கு இடமும் கடனும் தர வேண்டும் என்று அரசிடம் கேட்போம். கூடை முடையும் தொழிலை எந்தச் சாதியில் பிறந்தவரும் கற்க வர வேண்டும். முடைகிறவரின் பிள்ளைகள் அதை விட்டு வெளியேறவும் வழி இருக்க வேண்டும்.