கல்லூரிக் குற்றக் கணக்கு

கொருக்குப்பேட்டையில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் தகப்பன், தன் பெண் படிக்கும் கல்லூரிக்குள் சென்ற வருஷம் எத்தனை குற்றம் நடந்ததென்று கேட்டால் பதில் சொல்வார் யார்? பாலியல் புகார்க் கணக்கை வருஷந்தோறும் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு அனுப்பவேண்டுமென்று 2015-லேயே விதி செய்தார்கள். அனுப்பட்டும், பெற்றவனுக்கு அதை யார் காட்டுகிறார்கள்?

2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் வன்கொடுமைக்கு ஆளான மாணவி ஒருத்தி துணிந்து போலீசில் புகார் கொடுத்தாள். அவள் அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது! ஐகோர்ட்டு தலையிட்டு மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. காட்டவேண்டிய கணக்கு பெட்டிக்குள். மறைக்கவேண்டிய பெயர் தெருவில். வெகு அழகு!

அமெரிக்காவில் 1986-ல் ஜீன் கிளெரி என்னும் மாணவி கல்லூரி விடுதியிலேயே கொல்லப்பட்டாள். பெற்றோர் விதியென்று அழுதுகொண்டிராமல் போராடினார்கள். 1990-ல் சட்டமே வந்தது. அதன்படி மூன்று வருஷத்துக் குற்றக் கணக்கைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடவேண்டும். கணக்கைக் குறைத்துக் காட்டிய லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு 2024-ல் 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். பரிசுத்தம் பேசுமிடத்தில்தான் மூடிமறைப்பும் அதிகம் போலும்!

இங்கு கணக்குக் கேட்டால் "கல்லூரிக்குக் கெட்ட பேர்" என்பார்கள். கோயில் கணக்குக் கேட்டவனை நாஸ்திகன் என்ற அதே வாய்தான் இது. புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் "கற்பு, மானம்" என்று உபதேசிப்பதும் அதுவே. ஆகவே, கல்லூரியார் எழுதும் கணக்கை, பெண்கள் பாதிப்பேருக்குக் குறையாத வெளியார் குழுவொன்று போலீசு ஏட்டோடு ஒத்துப் பார்த்து, கல்லூரி வாசலிலேயே ஒட்டவேண்டும் என்கிறோம். குற்றமே இல்லையென்று எழுதும் கல்லூரிக்கு அக்குழு முதலில் போகட்டும்.