ஏரிக்கு வரும் தாராக்கள்



ஐப்பசியில் அடைமழை தொடங்கி ஏரிகளில் நீர் சேரும் வேளையில், சைபீரியா முதலான வடபுலங்களிலிருந்து வாத்தினங்கள் நம் பகுதியை நாடி வருகின்றன. உத்திரமேரூர் வட்டாரத்தார் இவற்றைக் காண நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்விரண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தின்பால் சென்றுவிட்டன. பறவைகளோ அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை!

வேடந்தாங்கலின் பெயரில் வேடன் இருக்கிறான். ஆனால் ஊராரோ வேட்டையைத் தடுத்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல்பட்டிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் இங்குள்ள பறவைகளைச் சுட்டு வீழ்த்தியபோது, கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலம் வழங்கினார். அந்த ஆவணத்திற்குக் 'கவுல்' என்று பெயர். சொல், வாக்கு என்னும் பொருளுடைய நம் அரபுச் சொல்லே அன்றோ அது! அவ்வாக்கு பின்னர் 1936இல் மீண்டும் ஏற்கப்பட்டு, இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஊராரின் அக்கறை வெறும் இரக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

வேடந்தாங்கலுக்குச் செல்வோர் பெரும்பாலும் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். வாத்துகளைத் தேடுவோர் அருகிலுள்ள கரிக்கிலிக்குச் செல்வதே சிறந்தது என்பது என் கருத்து. அங்கு மரங்கள் குறைவு. ஆழமற்ற திறந்த நீர்ப்பரப்பு மிகுதி. தலையை நீருக்குள் கவிழ்த்து இரை தேடும் வாத்துகளுக்கு அதுவே ஏற்ற இடம். இவ்விரு சரணாலயங்களும் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

ஆனால் வந்த புதிதில் இவ்வாத்துகளை இனம் காண்பது எளிதன்று. படங்களில் நாம் காணும் வண்ண ஆண் வாத்து அப்போது அங்கே இராது! இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் தம் ஒளிமிக்க இறகுகளை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போன்றே மங்கிய பழுப்பு நிறம் பூண்டுவிடுகின்றன. நீலச்சிறகி என்னும் சிறு தாரா, இக்கோலத்தைக் குளிர்காலத்தின் பிற்பகுதிவரை களைவதில்லை. ஆகவே நிறத்தை நம்பாமல் உருவத்தை நோக்க வேண்டும். கரண்டி போல் அகன்ற அலகுடையது தட்டைவாயன். மெலிந்த நீண்ட கழுத்துடையது ஊசிவால் வாத்து. ஆண் நீலச்சிறகி பறக்கையில் அதன் சிறகின் முன்பகுதி வெளிர்நீலமாகத் தெரியும். அலகின் நுனி மஞ்சளாக இருப்பது புள்ளிமூக்கு வாத்து. இது நம் நாட்டிலேயே வாழ்வது, வந்தேறியன்று.

தலையில் இரு கரிய பட்டைகள் கொண்ட வரித்தலை வாத்தை நம் ஏரிகளில் காண்பது அரிது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் காணலாம். திபெத், மங்கோலியா நாடுகளின் ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையையே கடந்து வரும் பறவை அது. இதனினும் அரிதானது இளஞ்சிவப்புத் தலை வாத்து. 1935இல் பீகாரின் தர்பங்காப் பகுதியில் காணப்பட்ட பிறகு அதனை நம் நாட்டில் ஐயமறக் கண்டவர் எவருமில்லை என்றே கொள்கின்றனர். வேட்டையும், சதுப்பு நிலங்கள் வயல்களானதும் அதன் மறைவுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987) அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சிறுவயதில் தாம் சுட்ட ஒரு குருவியின் பெயரறிய விரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நாடிச் சென்றவர் அவர். 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் குறித்த நூல் இன்றும் கையேடாக விளங்குகிறது.

நம் இல்லங்களில் பேசப்பட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வலையில் சிக்கிய நீர்ப்பறவைகளைச் சிலர் மறைவாக விற்கின்றனர். வாத்து உண்ண ஆகுமானதுதானே என்று வாங்குவோரும் உளர். ஆகுமானது என்பது வேறு, சட்டம் காக்கும் பறவையைப் பிடிப்பது வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் குற்றமென்கிறது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு சிறு பறவைக்காக, அவற்றைத் திருப்பித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத் நூலில் உள்ளது. வாங்குவோர் இல்லையெனில் வலை விரிப்போரும் இரார்.

ஏரியைப் பேணுவதும் நம் ஊருக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை முறையில் தெரிவு செய்யப்பட்ட ஏரி வாரியம் குறிப்பிடப்படுகிறது. அந்த ஊரில் வாழும் நாம், 2020இல் வேடந்தாங்கலைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் காப்பு எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்து எதிர்ப்புக் கிளம்பியபோது, அதனை எத்தனை வீடுகளில் பேசினோம்?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் கரையை அடையலாம். பளிச்சென்ற ஆடை வேண்டாம். கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்கும்படி நின்றால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புத்தான். தொலைநோக்கி இல்லாதோர் பிறரிடம் இரவல் பெறலாம். நாள், நேரம், கண்ட பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பெயர் தெரியாத பறவைக்கு அலகின் வடிவத்தை மட்டும் வரைந்துகொண்டாலும் போதும், வீடு திரும்பி நூலில் தேடிக்கொள்ளலாம்.